ஆடு மேய்ந்த ஆகாய விமானம்

திருச்செங்கோட்டு ரோட்டில் மழைக்கு ஒழுகாத முதல் பஸ்ஸைக் கட்டியவன் நான். அதற்கு முன் ஓடிய பஸ்களில் ஜனங்கள் உள்ளே உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு போனார்கள். செத்துப்போயிற்று என்று பழைய இரும்புக்குத் தள்ளிவிட்ட ஆயில் எஞ்சினைத் தூக்கி வந்து, ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இறைக்க வைத்தவனும் நான். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எல்லோரும் நடந்தபோது, பின்னால் கரியடுப்பைக் கட்டி பஸ்ஸை ஓடவிட்டதும் நானே. மேடு வந்தால் மட்டும் பிரயாணிகள் இறங்கித் தள்ளினார்கள். அது வண்டியின் குற்றமல்ல, மேட்டின் குற்றம். என் வீட்டைக் கொத்தனார் இல்லாமல் கட்டினேன். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஆனால் நிற்கிறது.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு சம்மட்டியும் ஊர் முழுக்கச் சண்டையும். சம்மட்டியை வைத்துப் பட்டறை போட்டேன். சண்டையையும் வீணாக்கவில்லை.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்றுதான். மல்லசமுத்திரத்துப் பக்கம், குட்டி ஜமீன் மாதிரி இருந்த ஒரு மிட்டாதார் வீட்டு வண்டிக் கொட்டகையில், முதல் ஜெர்மன் சண்டையில் பறந்த விமானம் ஒன்று இன்னும் நிற்கிறதே, அதை அடுப்பில் போகாமல் காப்பாற்றியது யார்? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சண்டை முடிந்ததும் பெரிய மிட்டாதார் மதராஸில் பட்டாளத்துச் சாமான்கள் ஏலம் போகிறது என்று கேள்விப்பட்டு, கூடாரம் வாங்கப் போனார். விமானத்தோடு திரும்பினார். இரண்டு அடுக்கு இறக்கை, மரச் சட்டம், அதன்மேல் துணி. எஞ்சின் கிடையாது, அதைத் தனியாக ஏலம் விட்ட நேரத்தில் அவர் சாப்பிடப் போயிருந்தாராம். கூட்ஸ் வண்டியில் சங்ககிரிக்கு வந்து, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் ஊர் சேர்ந்தது. வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்று அதற்கும் மாலை போடுவார்கள். மிட்டாதார் தலைப்பாகையோடு ஏறி உட்காருவார், ஆட்கள் களத்தைச் சுற்றித் தள்ளுவார்கள். இந்த ஜில்லாவில் அது பறந்த பறப்பு அவ்வளவுதான்.

அவர் காலமானதும் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டார்கள். துணி இற்றுப்போய் எலும்புக்கூடு மட்டும் நின்றது. அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று பைத்தியங்கள் கூடுவோம். நான் ஒருவன். இன்னொருவர் சேலத்திலிருந்து வரும் சித்திர வாத்தியார். வேதக்காரர், மாதா கோவிலில் காலைப் பூசையை முடித்துக்கொண்டு நான் கட்டிய பஸ்ஸில் வருவார். கண்டக்டர் என் மச்சான் என்பதால் டிக்கெட் கேட்க மாட்டான். விமானப் படம் போட்ட இங்கிலீஷ் பத்திரிகைகளை ஜெபப் புத்தகம்போலக் கக்கத்தில் வைத்திருப்பார். மூன்றாமவர் பட்டாளத்து மாமா. அந்தச் சண்டையில் அரபு தேசத்துப் பாஸ்ராவுக்குப் போய் விமானங்களைத் தள்ளியும் துடைத்தும் வந்தவர்.

அவர்கள் இருவரும் பேசுவது எப்போதும் ஒரே வழக்குத்தான்.

"இதே விமானத்தை நான் பாஸ்ராவுல தள்ளியிருக்கறேன். எடது பக்கம் ஒரு ஒட்டு இருந்துச்சு, நாந்தான் ஒட்டுனேன்" என்பார் மாமா.

"இந்த ரகம் பாஸ்ராவுக்குப் போனதே இல்லை ஐயா. இது பிரான்ஸ் தேசத்தில் பறந்தது. பாருங்க, படம் இருக்கு."

"படத்துல என்னைக் காணோமே, அப்ப நானும் பாஸ்ராவுக்குப் போகலையா?"

ஒருவர் கையால் தொட்டவர், ஒருவர் கண்ணால் படித்தவர். இறக்கைக்கு ஒரு முழம் துணி போட இருவருக்கும் வக்கில்லை. அதை நான் அவ்வப்போது ஞாபகப்படுத்துவேன்.

இரண்டாம் சண்டை தொடங்கி ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிறன்று நாங்கள் போனபோது கொட்டகைக்குள் பெரியவரின் மகன் சின்ன மிட்டாதார் கோடரிக்காரனோடு நின்றுகொண்டிருந்தார்.

"கரும்பு வெட்டியாச்சு. வெல்லங் காச்ச வெறகு பத்தலை. நல்லாக் காஞ்ச மரம் இங்க சும்மா நிக்குதுங்களே" என்றார்.

பட்டாளத்து மாமா இறக்கைச் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் பத்திரிகைகளை மார்போடு அணைத்துக்கொண்டார். நான்தான் முன்னால் போனேன்.

"எசமானுங்க, சேலத்துல சண்டை நிதிக்குப் பொருட்காட்சி வைக்கறாங்க. தெறக்கறது வெள்ளைக்காரத் தொரை. இதைக் கொண்டுபோய் நிறுத்துனா தொரை யார்கூட நின்னு பேசுவாருங்க?"

சின்ன மிட்டாதார் யோசித்தார். "கையைக் குலுக்குவாரா?"

"ரெண்டு கையையும் குலுக்குவாருங்க."

"அப்பச் சரி. ஆனா இப்பிடிக் கந்தலா நின்னா எனக்கு மானக்கேடு. பொருட்காட்சி தொடங்கறதுக்குள்ள இறக்கைக்குத் துணி போட்டு முழுசா நிறுத்துங்க. இல்லீன்னா அடுப்புதான்."

பொருட்காட்சி யோசனை என்னுடையது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் பத்திரிகையைப் புரட்டிவிட்டு, சீமை லினன் துணி வேண்டும், அதன்மேல் பூச ஒரு மருந்து வேண்டும், இரண்டும் கப்பலில்தான் வர வேண்டும் என்றார். கப்பல்களை ஜெர்மன்காரன் முக்கிக்கொண்டிருந்தான்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அந்த மருந்தைப் பூசுனா இறக்கை மத்தளமாட்ட வெறைக்கும் மாப்பிள்ளை. வாசமோ, கனிஞ்ச வாழப்பழ வாசம். அந்த வாசம் இல்லீன்னா அது விமானமே இல்லை."

நான் பள்ளிபாளையத்துக்குப் போனேன். அங்கே தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சியைத் தொட்டு நெசவுக்காரர்கள் நீவிக்கொண்டிருந்தார்கள். கஞ்சி காய்ந்த நூலைச் சுண்டிப் பார்த்தேன். வீணைத் தந்திபோல் பேசிற்று. சீமை மருந்தாவது வெங்காயமாவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த நெசவுக்காரர் ஒருவர் கதர் வேட்டிக்காரர். விஷயத்தைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெள்ளைக்காரன் சண்டைக்கு என்ற தறித் துணியா? போயிட்டு வாங்க."

"அந்தச் சண்டை முடிஞ்சு போச்சுங்க. இது வேலைக்குப் போகாம ஊட்டோட இருக்கற விமானம். சுடவும் செய்யாது, பறக்கவும் செய்யாது."

"அப்ப எதுக்குங்க இறக்கை?"

"உங்க துணி ஆகாய விமானத்து மேல ஏறுச்சுன்னு நாளைக்கு நாலு பேர் சொல்ல வேண்டாமுங்களா?"

துணி கிடைத்தது. பஸ் கூரைக் கித்தான் தைக்கும் ஊசியால் அதைச் சட்டத்தோடு தைத்தேன். பாவுக் கஞ்சியில் புளியங்கொட்டைப் பசையைக் கலந்து மூன்று பூச்சுப் பூசினேன். களத்தில் முக்காலிகள் போட்டு இறக்கைகளை வெயிலில் கிடத்தினோம். உச்சி வெயிலில் மாமா விரலால் தட்டிப் பார்த்தார். டும் என்றது. பாஸ்ராவிலிருந்து வந்தபின் அவர் வாய் மூடியது அன்றுதான்.

"வாழப்பழ வாசந்தான் இல்லை" என்று உடனே திறந்தும்விட்டார்.

மிட்டாதார் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனோம். களத்து வாசல் படலைச் சாத்த வேண்டியவர் கடைசியாக வந்த மாமா; அவர் சாத்தவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், இறக்கையைச் சுற்றி ஒரு பந்தி நடந்துகொண்டிருந்தது. ஆடுகள். கஞ்சி ஊறிய துணியை நீள நீளமாகக் கிழித்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒரு கிடாய் மேலிறக்கையின்மேலேயே ஏறி நின்று நடுப்பகுதியைத் தின்றது. அந்த விமானத்தில் தைரியமாக ஏறிய கடைசி வீரன் அதுதான்.

நான் கல்லை எடுத்தேன். ஆட்டுக்காரம்மாள் ஓடி வந்தாள். ஊரில் எந்த ஆம்பளைக்கும் பயப்படாதவள்.

"ஏனுங்க, என்ற ஆட்டு மேல கல்லை எறியறீங்க?"

"விமானத்தைத் தின்னு போட்டுதம்மா!"

"கஞ்சியில முக்கிக் காயப்போட்டா ஆடு திங்காம கும்புடுமா? வடகம் போட்டாக்கூட ஒரு குச்சி வச்சுக் காவலிருக்கறோம். மூணு தடி ஆம்பளைங்க, ஒருத்தருக்காச்சும் புத்தி வேண்டாமுங்களா?"

சத்தம் கேட்டுச் சின்ன மிட்டாதார் வந்தார். எலும்பாகக் கிடந்த இறக்கைகளைப் பார்த்தார். "வெறகு தயாராயிருச்சாட்டமிருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வாத்தியார் களத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அசல் மருந்தாக இருந்தால் ஆடு தொட்டிருக்காது" என்றார்.

"அசல் மருந்தா இருந்தா இறக்கையே இருந்திருக்காது வாத்தியாரே. அதைத்தான் ஜெர்மன்காரன் கடல்ல முக்கிட்டானே!"

ஆட்டுக்காரம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "மறுக்காப் போடறதுன்னா ஆடாதோடை எலையைக் காச்சி ஊத்துங்க. வேப்பெண்ணெயும் ஊத்துங்க. ஆடு என்னுங்க, கழுதைகூடக் கிட்ட வராது."

உடனே எனக்கு அளவு தோன்றிவிட்டது. கஞ்சிக்குப் பாதி இலைச்சாறு, எண்ணெய் பூசுவது துணி விறைத்த பிறகு. ஆனால் மாமா குறுக்கே நின்றார்.

"வேப்பெண்ணெய் பூசுனா அது விமானமில்லை மாப்பிள்ளை. சொறி புடிச்ச எருமை. நான் தொட்ட விமானம் வாழப்பழமாட்ட மணக்கும். இந்த நாத்தத்துல கொண்டு போய் நிறுத்துறதுக்கு அது அடுப்புல எரியறதே மருவாதி."

"மாமா, உங்களுக்கு வாசம் வேணுமா, விமானம் வேணுமா? ரெண்டும் இனி ஒண்ணாக் கெடைக்காது."

 அவர் எலும்பு மாதிரி கிடந்த இடது இறக்கையை, தான் ஒட்டுப் போட்டதாகச் சொல்லும் அந்த இடத்தை, தடவிப் பார்த்தார். மேல்துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். "மட்டையைக் குடு" என்று பூச்சு மட்டையை என் கையிலிருந்து பிடுங்கினார்.

நெசவுக்காரரிடம் மறுபடி துணி கேட்டபோது அவர் ஆடு கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கதரையும் மறந்து துணியைக் கொடுத்துவிட்டார். தைத்தோம், பூசினோம். இம்முறை கிடாயை நானே கூட்டி வந்து இறக்கைக்கு முன்னால் நிறுத்தினேன். மோந்து பார்த்தது, தும்மியது, ஓடியே போயிற்று. இதைவிடப் பெரிய பரீட்சை பாஸ்ராவிலும் வைத்திருக்க மாட்டார்கள்.

சேலத்துப் பொருட்காட்சியில் எங்கள் விமானத்தைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் காலியிடம் இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நின்று பார்த்தார்கள். ஒரு கிழவி பேத்தியிடம் சொன்னதை நானே கேட்டேன்: "சண்டைக்குப் போற விமானமாச்சே சாமி, நாறாம என்ன செய்யும்."

துரை வந்தார். கைக்குட்டையை எடுத்தார். வாத்தியாரிடம் என்னவோ கேட்டார். வாத்தியார் இங்கிலீஷில் நீட்டி முழக்கினார். பிறகு விசாரித்தால், 'இது எங்கள் ஆராய்ச்சியில் கண்டுபிடித்த சுதேசிப் பூச்சு' என்றாராம். எங்கள்! துரை சின்ன மிட்டாதார் கையைக் குலுக்கினார். ஒரு கையைத்தான், இன்னொன்றில் கைக்குட்டை இருந்தது. ஆனால் துரை கை பட்ட பிறகு விமானத்தை எப்படி விறகாக்குவது? அது பிழைத்துக்கொண்டது.

அப்புறம்தான் பலகையைப் பார்த்தேன். விமானத்துக்கு முன்னால் வாத்தியாரே அழகான எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மேலே மிட்டாதார் குடும்பம். அடுத்து, புனருத்தாரண மேற்பார்வை சித்திர ஆசிரியர். அதன்கீழ், யுத்த கால ஆலோசனை பட்டாளத்து மாமா. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்துவிட்டு வாத்தியாரைப் பிடித்தேன்.

"என்னைய எங்கீங்க வாத்தியாரே?"

அவர் குனிந்து பலகையின் அடிவிளிம்பைக் காட்டினார். எறும்பு அளவு எழுத்தில் 'உள்ளூர்த் தொழிலாளர் உதவியுடன்' என்று இருந்தது. "இதில் நீங்கதானே முக்கியம்!"

"இதுல அந்தக் கிடாயும் வருமுங்களா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் வந்தார்.

இப்போது அந்த வண்டிக் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். கதவைக் கரையான் தின்றுவிட்டது. பக்கத்தில் நிற்கும் வண்டியின் நுகத்தடியையும் தின்றுவிட்டது. இறக்கையை மட்டும் தொடவில்லை. எங்கெங்கிருந்தோ விமானப் பித்தர்கள் வருகிறார்கள், சட்டத்தை அளக்கிறார்கள், பாஸ்ராவா பிரான்ஸா என்று எங்கள் பழைய வழக்கையே புதிதாகப் பேசுகிறார்கள். கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கும் அதே பலகையைப் பார்த்து, அதில் உள்ளதையே எழுதிக்கொண்டு போகிறார்கள்.

அந்தப் பலகையைக் கழற்றுங்கள். புதுப் பலகைக்கு மரம் நான் தருகிறேன், ஆணியும் நான் தருகிறேன். மேல் வரியில், மற்ற எல்லோருக்கும் மேலே, பெரிய எழுத்தில் இப்படி எழுதுங்கள்: இந்த விமானத்துக்கு இரண்டு தடவை இறக்கை போட்டவன் திருச்செங்கோட்டு ரோட்டு பஸ் பட்டறைக்காரன். அதன்கீழே வேண்டுமானால் ஆட்டுக்காரம்மாளைப் போடுங்கள். மிட்டாதாரையும் வாத்தியாரையும் மாமாவையும் இடம் மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.