நெயில் பாலீஷ் வைத்த டிரைவ்

அண்ணன் பைக்கில் அடிபட்டு இறந்ததிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் கை பீஸைத் திருப்பும், கால் நிற்காது. சூலூர் பஸ்ஸில் என் ஸ்டாப்புக்கு ரொம்ப முன்னாலேயே எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுவேன்.

அண்ணனுக்குப் பழைய காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் பைத்தியம். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் இருக்கும், டிவியில் சொருக வேண்டும். ஃபிளாப்பி போடுகிற டிரைவ் தனிப் பெட்டி. கடைசியாக எனக்கென்று ஏதோ செய்துகொண்டிருந்தான். ஃபிளாப்பி மேலே, என்னைக் கூப்பிடுகிற மாதிரியே ‘அம்மணி’ என்று எழுதி, முடியும்வரை தொடக்கூடாது என்றான். முடித்தானா, தெரியாது. அவன் போன பிறகு கம்ப்யூட்டரைப் போட்டேன்; புகைந்து அணைந்துவிட்டது. மிச்சம் டிரைவும் ஃபிளாப்பியும்தான்.

சரவணம்பட்டியில் ஐடி வேலையில் இருக்கும் அவன் சினேகிதரிடம் அதே கம்ப்யூட்டர், அதே டிரைவ் இருந்தது. ஃபிளாப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் டிரைவ் அதைப் படிக்கவில்லை. எழுதின டிரைவிலேயே போட்டுப் பார்க்கலாம், அண்ணனுடையதையும் கொண்டுவா என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சீட் இருந்தும் நின்றபடியே போனேன்.

உட்காரச் சொன்னார். நின்றேன். இருப்பது ஒரே ஃபிளாப்பி, பழைய டிரைவ் அதைத் தேய்த்துவிடக்கூடாது என்று முதலில் தன்னுடைய ஃபிளாப்பி ஒன்றை அண்ணன் டிரைவில் போட்டுப் பார்த்தார். படிக்கவில்லை. டிரைவின் மூடியைக் கழற்றினார். படிக்கிற ஹெட் கொஞ்சம் விலகியிருக்கிறது என்று சொல்லி, ஹெட்டை நகர்த்துகிற மோட்டாரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, மோட்டாரைத் துளித்துளியாகத் திருப்பினார். அவர் ஃபிளாப்பி ஓடியது. சிரித்துக்கொண்டே அண்ணனுடையதைப் போட்டார். டர் டர் என்று சத்தம். பிறகு எரர்.

அவர் முகம் சுண்டிப்போனது.

“தப்புப் பண்ணிப்போட்டேன், தங்கச்சி. ஹெட்டு கோணலா இருந்தப்பவே அவன் எழுதியிருக்கான். இப்ப நேராக்கிட்டேன், அவன் எழுதுனது எதுவும் இதுக்குத் தெரியாது.”

“பழையபடி கோணலாக்குங்ணா.”

“எவ்வளவு கோணல்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். ஒரு தடவை திரும்பும்போது மோட்டார் ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. என் நெயில் பாலீஷ். பொங்கலுக்கு வாங்கி, காணோம் என்று அவனோடு சண்டை போட்டது. எடுக்கவே இல்லை என்று சாதித்தான். மோட்டாரைத் தான் வைத்த இடம் தெரிவதற்காக அதையும் அடியிலிருக்கும் தகட்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்திருக்கிறான். இப்போது கோடு இரண்டாக உடைந்து விலகி நின்றது.

“இங்க பாருங்ணா. இந்த ரெண்டையும் ஒண்ணா சேருங்க.”

கோடு சேரும்வரை மோட்டாரைத் திருப்பி, ஸ்க்ரூவை முறுக்கினார். ஃபிளாப்பியைப் போட்டார். சத்தம் சீராக ஓடியது.

டிவியில் எங்கள் சூலூர் பஸ் ஸ்டாப். கட்டம் கட்டமாக ஒரு பெண், ஒற்றைச் சடை, தோளில் பை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டே இருந்தாள். அவன் இருந்தபோதும் நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன் போல. எந்தக் கீயைத் தட்டினாலும் வேறெதுவும் நடக்கவில்லை.

“பஸ்ஸு வாரதை இன்னும் எழுதலையாட்ட இருக்குது,” என்றார். “நான் எழுதித் தரட்டா?”

“வேண்டாமுங்ணா. அவ நிக்கட்டும்.”