ஓர இருக்கை

என் தம்பியைத் தெருவில் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும், எந்தக் காட்சியை வெட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவான். "மாமனார் அழற சீனே வேணாம். அந்தாளு அழுது முடிக்கிறதுக்குள்ள நமக்குப் பசி வந்துருது" என்பான். நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவள். ஆனால் அவன் சொன்னது பிசகியதில்லை என்பதைக் கவனித்து வைத்திருக்கிறேன்.

வேலை பார்த்த மரச்சாமான் கடை மூடியபின் எட்டு மாதம் வீட்டில் இருந்தான். இரண்டு சின்னப் பிள்ளைகள். பிறகு தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. கரும்பு தின்னக் கூலி என்று பூரித்துப்போனேன். முதலாளி வைத்த நிபந்தனை ஒன்றுதான்: இங்கே ஓடும் படத்தைப் பற்றிக் குறையாகப் பேசக் கூடாது.

அந்த அறை நாலடிக்கு மூன்றடி. உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கும். கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

"கத்திரி, படம் எப்படி?"

"பாருங்க."

புதுப் படம் எது வந்தாலும் இதே பதில். பேச்சை மென்று விழுங்கியே இளைத்துப்போனான்.

தினமும் சாப்பாடு கொண்டுபோகும் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். இருக்கைகளின் கட்டம் போட்ட அட்டையில் பென்சிலால் குறித்துத்தான் டிக்கெட் கொடுப்பான். நல்ல படமென்றால் நடுவில் இடம் கொடுப்பான். மோசமென்றால் ஓரத்தில், யார் காலையும் மிதிக்காமல் எழுந்து போக வசதியாக. யாரிடமும் சொன்னதில்லை. வழக்கமாக வருகிறவர்கள் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். "ஓரமா? அப்ப நான் வீட்டுக்கே போறேன்" என்று சிரித்துக்கொண்டே திரும்பியவர்களும் உண்டு.

போன மாதம் முதலாளி தனக்குப் பிடித்த பழைய படம் ஒன்றை மறுபடி திரையிட்டார். தம்பி பன்னிரண்டு வயதில் ஏழு முறை பார்த்த படம். ஏழு முறையும் கூட்டிப்போனவள் நான். காலைக் காட்சியைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்தான். முகம் செத்திருந்தது.

"அவ வேணாம் வேணாம்னு சொல்றாக்கா. இவன் விடாம துரத்துறான். அதுக்குப் போய் நான் கைதட்டியிருக்கேன்."

"பாட்டெல்லாம் நல்லா இருக்குமேடா?"

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. அதான் எரிச்சலே."

மதியக் காட்சிக்கு அட்டையின் இரண்டு ஓரமும் நிரம்பின. நடு வரிசைகள் வெறிச்சோடின. முதலாளி அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"என்னப்பா, நட்டநடுவுல வழுக்கை விழுந்திருக்கு?"

ஓர இருக்கைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரோ ஏற்கெனவே ஓதியிருந்தார்கள்.

"உன் போன்ல இருநூறு பேர் உள்ள குரூப் இருக்காமே. படம் பிரமாதம்னு உன் குரல்லயே போடு. போட்டா இந்த நாற்காலி உனக்கு."

மூன்று முறை போனை வாயருகே கொண்டுபோனான். மூன்று முறையும் கை இறங்கியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அவன் பிள்ளைகளின் முகம்தான் தெரிந்தது. சொல்லித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

"பாட்டைப் பத்தி மட்டும் சொல்லட்டுமா சார்?"

"படத்தைப் பத்திச் சொல்லு."

"அப்ப வேணாம் சார்."

முதலாளி வேலையை விட்டு நிறுத்தவில்லை. கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றினார். அங்கேயும் ஒரு தகரக் கூண்டு. நாலு காட்சிக்கும் வண்டி வரும், போகும். மேலே ஏறிப் படம் பார்க்க வழியில்லை. மூன்று வாரமாக ஒரு படமும் அவன் பார்க்கவில்லை.

அவனை நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனாலும் நேற்றுச் சாப்பாடு கொடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேலயே இருந்திருக்கலாமேடா?"

"சொல்லியிருந்தா அடுத்த படத்துக்கு என்னை யாருக்கா கேப்பாங்க?"

"இப்ப மட்டும் யாருடா கேக்குறா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இடது கையால் சீட்டைக் கிழித்து நீட்டினான்.