அமுக்கித் தூக்கிய மனோ அக்கா

நான் முன்பே சொல்லியிருந்தேன். மனோ அக்கா போவதென்றால், கடைசிப் படகும் கரையேறி, இயந்திரங்களைக் கழுவித் துடைத்துக் கொட்டகையில் பூட்டிய பிறகுதான் போவார் என்று போன வருடமே பத்துப் பேருக்கு முன்னால் சொன்னவன் நான். அதேபோல்தான் நடந்தது. நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இல்ஃபோர்டில் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். மருமகள் தரணி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, மனோ அன்ரி..." என்று தொடங்கினாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றேன். கையில் இருந்த முருங்கைக்காயை வெங்காயப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். நித்திரையிலேயே போய்விட்டாராம். அறுபத்தெட்டு வயது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேண்டும் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். எல்லோரும் என்றால், அவரது தம்பி கேட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனாலும், கதை சொல்வதில் என்னை வெல்ல இந்த லண்டனில் ஆளில்லை. நான் சொல்லச் சொல்ல, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தரணி கணினியில் தட்டுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அது அவளுடையது.

மனோ அக்காவிடம் கோடை வேலை பார்த்த பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகளைப் பயந்து பயந்து அனுப்பிவைத்த தாய் தகப்பன்மாருக்கும் அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்கு லண்டனில் பழைய கப்பல் துறைத் தண்ணீரில் சிறுவர்களுக்குப் பாய்மரப் படகு பழக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. படகு கவிழ்ந்தால் ஓடிப்போய்த் தூக்குவதற்கு நாலு ரப்பர் மீட்புப் படகுகள். அவற்றுக்குப் பொறுப்பு மனோ அக்கா. கோடை விடுமுறையில் ஒவ்வொரு படகுக்கும் இரண்டு பல்கலைக்கழக மாணவர்களை வேலைக்கு எடுப்பார். நான் அங்கே வான் வண்டி ஓட்டினேன், பெற்றோல் நிரப்பினேன், தேநீர் ஊற்றினேன். சுருக்கமாகச் சொன்னால் நிலையத்தை நடத்தினேன்.

ஒரு கோடையில் நம்மவர் ஒருவர் தன் மகனோடு வந்து நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இவன் மெடிசின் படிக்கிறான் அக்கா. உந்தப் படகு வேலையெல்லாம் இவனுக்கு என்னத்துக்கு?"

மனோ அக்கா கயிறு சுற்றுவதை நிறுத்தவில்லை. "மூண்டு மாசம் என்னட்டை விடுங்கோ. டொக்டராத்தான் திருப்பித் தருவன். ஆனால் பதறாத டொக்டராத் தருவன்."

அந்தப் பையன் இன்று பெரிய மருத்துவமனை ஒன்றில் விபத்துப் பிரிவில் நிற்கிறான். நான் கேள்விப்பட்டவரையில் அரச குடும்பமே அவனிடம்தான் வருகிறது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரையும் தூக்குவதற்கு முன்னால், ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை தண்ணீரில் விழுந்து தூக்கப்படவேண்டும். "தூக்குப்பட்டுப் பாத்தால்தான் தூக்கத் தெரியும்" என்பார். அடுத்ததாக அவர்கள் ஒரு கனமான ஆளைத் தூக்கவேண்டும். அந்தக் கனமான ஆள் நான். படகுகளைச் சறுக்கி இறக்கும் சரிவில், நெஞ்சளவு தண்ணீரில், எனக்கென்றே வாங்கிய செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறங்குவேன். பருத்தித்துறைக் கடலில் கப்பல் வரைக்கும் நீந்திப்போய்த் திரும்பிய எனக்கு அதெல்லாம் குளியல் மாதிரி. ஆனாலும் பிள்ளைகளுக்காகக் கையைக் காலை அடித்து, "ஐயோ! என்ரை பிள்ளையள்! என்ரை வீட்டுக் கடன்!" என்று துறைமுகமே அதிரக் கத்துவேன். மேலே போகும் விமானத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

"நாதன், தண்ணிக்கை தாழுறவன் உவ்வளவு வசனம் பேசமாட்டான். வாயை மூடிக்கொண்டு தாழுவான்" என்பார் மனோ அக்கா.

பிள்ளைகள் என்னை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். அசையமாட்டேன். அப்போது அவர் கரையில் நின்று சொல்வார்: "மேலை இழுக்க முதல் ஒருக்கா கீழை அமுக்குங்கோ. அமுக்கினால் தண்ணியே தூக்கித் தரும்." ஒருமுறை அமுக்கி, ஜாக்கெட் என்னை மேலே தள்ளுகிற அந்தக் கணத்தில் தூக்கினால், இரண்டு மெலிந்த பெட்டைகளே என்னைப் படகுக்குள் உருட்டிவிடுவார்கள். எட்டுக் கோடைகளாக என்னைத் தூக்கித்தான் அத்தனை பிள்ளைகளும் தேறினார்கள். சான்றிதழில் என் பெயர் இல்லாதது ஒரு குறைதான்.

இனி, நான் கல்யாண வீடுகளில் சொல்லி நீங்கள் எல்லோரும் கேட்ட கதை. ஐந்து கோடைகளுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை பின்னேரம். கபிலன் என்றொரு மாணவன். வாய் ஓயாதவன், எந்த நேரமும் பகிடி. வேலைக்கு வரும்போது விண்ணப்ப ஃபோர்மில் நீந்தத் தெரியும் என்று எழுதியிருந்தான். அன்று ஜாக்கெட்டைப் பூட்டாமல் நாகரிகமாகத் தோளில் மட்டும் மாட்டிக்கொண்டு, படகிலிருந்து எட்டிக் கயிறு ஒன்றைப் பிடிக்கப்போய், தண்ணீரில் விழுந்தான். ஜாக்கெட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அடுத்த படகுப் பிள்ளைகள் கண்டார்கள். கண்டுவிட்டுக் கை தட்டினார்கள். இன்றைக்கும் நடிப்புத்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

மிதவை மேடையில் நின்ற நான்தான் முதலில் கண்டு கத்தினேன். மனோ அக்கா தன் படகைத் திருப்பினார். பக்கத்தில் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினார், ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கோடை அவரோடு வேலை பார்த்த தரணி குனிந்து இரண்டு கக்கத்திலும் கை கொடுத்தாள். அமுக்க முடியாது, மேலே தள்ள ஜாக்கெட் இல்லை. மனோ அக்காவும் வந்து பிடித்தார். இருவரும் படகின் விளிம்பைத் தண்ணீர் தொடும்வரை சாய்த்து ஆளை உள்ளே உருட்டினார்கள்.

பிறகு எல்லோரும் மனோ அக்காவிடம் கேட்டார்கள், அது நடிப்பில்லை என்று எப்படித் தெரிந்தது என்று.

"சத்தம் இல்லை" என்றார். "வாய் ஓயாதவன் வாயை மூடினால் உடனே ஓடிப்போய்ப் பாக்கோணும்."

கபிலனைப் போர்வையால் சுற்றி, நாலு கரண்டி சீனி போட்ட தேநீரைக் கையில் கொடுத்து, பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்டார். "நீந்தத் தெரியாதோ?"

தலையாட்டினான். வேலையும் போச்சு, மானமும் போச்சு என்றுதான் அவன் நினைத்தான். மனோ அக்கா நடந்ததை நடந்தபடி நிலையத்துப் புத்தகத்தில் எழுதினார், ஒரு வரியும் மறைக்கவில்லை. எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்: "நீந்தப் பழகுமட்டும் படகிலை கால் வைக்க ஏலாது. கரையிலை வேலை இருக்கு. திங்கள் காலமை ஏழு மணிக்கு நீச்சல் குளத்துக்கு வா. நானும் வாறன்."

ஐந்து வாரம், ஒரு நாள் தவறாமல் வந்தார். அவன் மூக்கில் தண்ணீர் போய் இருமுகிறபோதெல்லாம் குளத்தின் கரையில் குந்தியிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். அப்படிச் சிரிப்பவர் முன்னால் பயப்படுவது கடினம். ஐந்தாம் வாரம் அவன் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீந்தினான். அவர் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார், உயிர்காப்பாளர் பெட்டை துள்ளி எழுந்துவிட்டாள். தன் படகுச் சாவியில் கிடந்த செம்மஞ்சள் தக்கை உருண்டையைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். சாவி தண்ணீரில் விழுந்தாலும் தாழாமல் மிதப்பதற்காகக் கட்டுவது அது.

"இனி நீயும் மிதப்பாய்" என்றார்.

இந்த இடம் வரைக்கும் தரணி விடாமல் தட்டிக்கொண்டுதான் வந்தாள். வழக்கமாக ஒவ்வொரு வரிக்கும் "மாமா, சும்மா அளக்காதேங்கோ" என்பவள். அரச குடும்பம் என்ற வரிக்குக்கூடச் சண்டை பிடித்தாள். ஆனால் கபிலன் என்ற பெயர் வந்ததிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். மனோ அக்காவிடம் படித்தது அதுதானே.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை. நீங்கள் சொல்லுங்கோ, நான் தட்டுறன்."

"நீ அண்டைக்குப் படகிலை நிண்டனி. ஐஞ்சு வருசம் ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"மனோ அன்ரி சொன்னவ. தூக்கினதோடை எங்கடை வேலை முடிஞ்சுது, கதைக்கிறது தூக்குப்பட்ட ஆளின்ரை வேலை எண்டு."

ஆகவே அந்த வேலையையும் முடித்துவிடுகிறேன். கபிலன் என்று யாரும் இல்லை. அன்று என் பெரிய ஜாக்கெட் காயப்போட்டிருந்தது. பிள்ளைகளுடையதை எடுத்து மாட்டினேன். வயிற்றுக்கு மேலே பூட்டு எட்டவில்லை, சொல்ல வெட்கம். பருத்தித்துறைக் கடலில் நான் முழங்காலுக்கு மேல் இறங்கியதே இல்லை. மேடையில் நின்று முதலில் கண்டவன் எவனும் கிடையாது, கண்டது மனோ அக்காதான். நான் ஐம்பத்தாறு வயதில் நீந்தப் பழகினேன். அந்தத் தக்கை உருண்டை இப்போது என் வீட்டுச் சாவியில் கிடக்கிறது.