என் கார்டில் செல்வத்தின் முகம்

லேமினேஷன் மெஷினிலிருந்து வந்த கார்டு உள்ளங்கையைச் சுட்டது. புது பிளாஸ்டிக் வாசனை... கூடவே பக்கத்து ஹாலிலிருந்து சோப்பும் பூட் பாலிஷும் கலந்த வாசனை.

கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, ராணுவத்திலிருந்து மந்தைவெளிக்குத் திரும்பி அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. முன்னாள் ராணுவத்தினருக்குப் புது அடையாள அட்டை கொடுத்தார்கள். அது இருந்தால்தான் மிலிட்டரி கேன்டீனில் சாமான் வாங்க முடியும்.

கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பெயர், ஆரோக்கியம். சரி. நம்பர் சரி. ஊனம் என்ற இடத்தில் 'இடது கால்', சரி.

போட்டோ மட்டும் செல்வம்.

செல்வம் என் பிரிவில் இருந்தவன். ஊரூர் குப்பத்துக்காரன். என் காலைக் கொண்டுபோன அதே வெடியில் செத்துப்போனான். எனக்கு நாலடி முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

"சார், இது நான் இல்ல."

கவுன்டரில் இருந்த கிளார்க் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெக்கார்ட்ஸ்லேர்ந்து வந்த போட்டோ சார். அப்போ ஒல்லியா இருந்திருக்கீங்க, அவ்ளோதான்."

எல்லைக்குப் போகும் முன் எல்லோரையும் ஒவ்வொருவராக ஒரே ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். எனக்கு அடுத்து அவன். படத்தின் பின்னால் பெயர் எழுதியவர் எங்கள் இருவரையும் மாற்றி எழுதிவிட்டார் போல. திருத்த வேண்டுமென்றால் கார்டை ஒப்படைக்க வேண்டும், புதுசு வர மாசக்கணக்கில் ஆகும் என்றார்கள். கையில் ஸ்டெல்லா கொடுத்தனுப்பிய லிஸ்ட் இருந்தது. சாமானை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று மாசம் அந்த முகத்தோடுதான் கேன்டீனுக்குப் போய்வந்தேன். வாசலில் காவலாளி படத்தைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், "போங்க சார்" என்பார். ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அவன் சாயல் வந்துவிட்டதா?

ஒருநாள் ஸ்டெல்லா கார்டை எடுத்துப் பார்த்தாள். "இது கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்ததாங்க? நல்லாருக்கீங்க."

என் மனைவி.

அன்றைக்கே முடிவு செய்தேன், செல்வத்தின் வீட்டுக்குப் போவதென்று. எட்டு வருஷமாகப் போகவில்லை. ஒரு பஸ் தூரம்தான். ஆனால் உயிரோடு திரும்பியவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குப்பத்துச் சந்தில் ஊன்றுகோல் மணலில் புதைந்தது. விசாரித்துப் போன வீட்டின் வாசலில் ஒரு பெண் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

கத்தி கீழே விழுந்தது. மெதுவாகத் திரும்பி வீட்டுக்குள் சுவரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நானும் சுவரைப் பார்த்தேன்.

அங்கே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே மாலை போட்ட படத்தில், நெற்றியில் குங்குமத்தோடு, நான் இருந்தேன்.

"நீங்க... செத்துட்டீங்கதானே?" என்றாள்.

"இல்லம்மா. செல்வத்தோட இருந்தவன். ஆரோக்கியம்."

அவள் செல்வத்தின் தங்கை வசந்தி. கத்தியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கிசுகிசுப்பாகச் சொன்னாள்.

"சுனாமில கடல் உள்ள வந்தப்போ அண்ணன் படம் எல்லாம் பூட்ச்சி. மிலிட்டரி ஆபீசுக்கு எழுதிப் போட்டேன், இத்த அனுப்பிச்சாங்க. பாத்ததுமே தெரிஞ்சிச்சி, எங்கண்ணன் இல்லன்னு. ஆனா அப்பாக்கு சுத்தமா கண்ணு தெரியாது. நெஞ்சுல வச்சிக்கினு அழுதாரு. நான் இன்னான்னு சொல்றது? மாட்டிட்டேன். யாரோ பாவம், அவரும் செத்துருப்பாருன்னு தெனம் பூ போட்டு கும்புட்டுக்கினு இருந்தேன்."

உள்ளேயிருந்து பெரியவர் குரல் கொடுத்தார். "யாரு வசந்தி?"

"அண்ணன்கூட இருந்தவருப்பா."

"வா நைனா, ஒக்காரு." தடவித் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேல பாத்தியா? எப்டி கீறான் என் புள்ள?"

பார்த்தேன். கண்ணாடிக்குள்ளிருந்து நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கான்ப்பா."

கிளம்பும்போது கார்டை எடுத்து வசந்தியிடம் நீட்டினேன். கட்டை விரலால் அந்த முகத்தைத் துடைத்தாள்... துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்குக் கேட்கக் கூடாதென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஆபீசில் கார்டு தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். ஏழு மாசம் கேன்டீன் பக்கமே போக முடியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் ஸ்டெல்லா பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனாள்.

வசந்தி ஸ்டுடியோவில் கொடுத்து செல்வத்தின் படத்தைப் பெரிதாக்கி அதே இடத்தில் மாட்டினாள். முகம் மாறியது பெரியவருக்குக் கடைசிவரை தெரியாது.

இப்போதெல்லாம் கேன்டீனில் மெஷினில் விரலை வைத்தால் போதும். திரையில் என் முகம்தான் வருகிறது, நரைத்த மீசையோடு. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் பார்த்தார்கள்... பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள்.

பெரியவர் போய்விட்டார். வசந்தி பெசன்ட் நகரில் மீன் விற்கிறாள், "வாண்ணா" என்பாள். ஆனால் கூட்டத்தில் என்னைத் திடீரென்று பார்க்கும்போது, சிரிப்பு வருவதற்கு முன்னால், அவள் கை தானாக உயர்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.