கீபோர்டு அக்கா கேட்ட பாஸ்வேர்டு

கீபோர்டு அக்காவுக்கு அந்தப் பெயர் ஒரு மேனேஜரின் மண்டையால் வந்தது. கணினி பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் மாடாக உழைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, வேலை எப்படிப் போகிறது என்று கேட்கிற சாக்கில் கழுத்தில் கை வைத்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த கீபோர்டைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் வீசினாள். எழுத்துக் கட்டைகள் சில்லறை போல அறை முழுக்கச் சிதறின. மேனேஜரின் நெற்றியில் தையல் விழுந்தது, அக்காவின் வேலை போனது. காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர், "இன்னொரு தடவை யார் மேலயாவது கை நீட்டின, நேரா உள்ளதான். மன்னிப்புக் கடிதமெல்லாம் வாங்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அக்கா வீடு வீடாகப் போகிறாள். தோளில் ஒரு பை, பைக்குள் திருப்புளிகள், தூசி தட்டும் பிரஷ், இரண்டு பென் டிரைவ். கணினி கெட்டுப்போன வீட்டில் அவளுக்கு முதலில் கிடைப்பது காப்பியோ தண்ணீரோ அல்ல, சத்தியம். "நான் ஒண்ணுமே பண்ணல" என்று அப்பா சொல்வார், மகன் சொல்வான், வேலைக்கு வருகிறவள்கூடச் சொல்வாள். "யாரும் ஒண்ணும் பண்ணாத வீட்டுலதாங்க இவ்வளவும் நடக்குது" என்பாள் அக்கா. யார் வாயையும் நம்பமாட்டாள். இயந்திரத்தைத்தான் கேட்பாள்.

கேமராக்காரன் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது ஒரு காலை வேளையில். பெரிய கடைத்தொகுதியில் கேமரா அறையில் உட்கார்ந்து, யார் எதைச் சட்டைக்குள் சொருகுகிறார்கள் என்று திரையில் பார்ப்பது அவன் வேலை. அதனால் தெருவே அவனுக்கு வைத்த பெயர் அது. அவன் கேட்டதும் வேலைக்கு ஏற்றபடியே இருந்தது.

"கம்ப்யூட்டர்ல அசிங்கப் படமா வருதுங்க. எடுத்துடணும். ஆனா அதுக்கு முன்னாடி யார் பாத்தாங்கன்னு எனக்கு ஆதாரமா எடுத்துக் குடுக்கணும்."

மாடி வீடு. முன்னறையில் ஒரு மேசை, மேசை மேல் கணினி, எதிர்ச் சுவரோரம் இரும்பு பீரோ. மேசைக்குப் பக்கத்தில் அவன் மனைவி நின்றாள். ஆஸ்பத்திரி பில்களை வீட்டிலிருந்தபடியே கணினியில் ஏற்றிக் கொடுப்பவள். வலது கைச் சுண்டுவிரலைக் குச்சி வைத்துக் கட்டியிருந்தாள்.

"விரல்ல என்னம்மா?"

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்க்கா."

"விழுந்தா ஒரு விரல் மட்டுமா ஒடியும்? தரை ரொம்ப விவரமான தரைதான்."

அவள் சிரிக்கவில்லை. அவன்தான் சிரித்தான்.

"மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? நான்தான் ஒடிச்சேன். பொண்டாட்டி கண்ட படத்தையும் பாத்தா கொஞ்சுவாங்களா? இன்னைக்குக் காலைலயும் சொல்லிட்டேன். இன்னொரு தடவை அந்தப் படம் வந்துச்சுன்னா, டைப் அடிக்கிற கை மணிக்கட்டோட போயிடும்."

சாயங்காலம் மழை வரும் என்பதைப் போலத்தான் சொன்னான். அவள் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வந்த வேலை என்ன என்பது அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பழுது பார்க்க வேண்டியது கணினியை மட்டுமல்ல. அந்தப் படம் இன்னொரு முறை திரையில் வரக்கூடாது. வந்தால் ஒரு மணிக்கட்டு போகும்.

உட்கார்ந்து பிரௌசரைத் திறந்தாள். திறந்ததுதான் தாமதம், கேட்காத பக்கம் ஒன்று முகத்தில் அறைந்தது. அதை மூடினால் அதன் முதுகிலிருந்து இரண்டு குதித்தன. வண்டுக்கூட்டைக் கலைத்த மாதிரி மூலைக்கு மூலை பெட்டிகள். 'உங்கள் கணினி ஆபத்தில்', 'பரிசு உங்களுக்கே', நடுவில் துணியில்லாத ஒரு பெண். முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அவன் எழுந்துவிட்டிருந்தான்.

"உக்காருங்க சார். இது நான் திறந்ததுல வந்தது. என் கையையும் ஒடிப்பீங்களா?"

அவன் உட்கார்ந்தான். அக்கா இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு உள்ளே இறங்கினாள். பிரௌசரில் ஒட்டியிருந்த, எக்ஸ்டென்ஷன் என்கிற அந்நிய நீட்சி ஒன்றைப் பிடுங்கி எறிந்தாள். முகப்புப் பக்கத்தைப் பழையபடி மாற்றினாள். திரையில் இருந்த பிரௌசர் ஐகானின் வாலில் எவனோ ஒரு முகவரியை ஒட்டவைத்திருந்தான். அந்த வாலையும் நறுக்கினாள். 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று கேட்ட தளங்களுக்கெல்லாம் யாரோ 'சரி' என்று வரம் கொடுத்திருந்தார்கள்.

"இந்தப் பெட்டியெல்லாம் வந்தா யார் என்ன அமுக்குவீங்க?"

"நான்தான் ராத்திரி வந்து செக் பண்ணுவேன்" என்றான் கேமராக்காரன். "வந்தா 'சரி'ன்னு அமுக்குவேன். அமுக்கினா போயிடும்."

"போயிடும். சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வர."

இணையத்தை மறுபடி செருகி, கணினியை அணைத்துப் போட்டாள். வெள்ளைப் பக்கம் சுத்தமாகத் திறந்தது. மனைவி மூச்சை விட்டாள். விட்ட மூச்சு முடியவில்லை, பக்கம் ஒருமுறை துடித்தது. அதே பெண், அதே துணியில்லாக் கோலம்.

அவன் பாய்ந்தே விட்டான். மனைவியின் கூந்தல் அவன் பிடிக்குள் போனது. அக்கா நாற்காலியோடு சுழன்று நடுவில் நுழைந்தாள், அவன் முழங்கை அவள் காதோரம் இடித்துக் கண்ணில் பொறி பறந்தது. கீபோர்டு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இன்ஸ்பெக்டரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"கண்ணைத் தொறந்து பாருங்க சார்! உங்க பொண்டாட்டி கம்ப்யூட்டர்கிட்டயே வரல. நான் மவுஸைத் தொடல. தானா வந்துச்சு. வெட்டினா முளைக்குதுன்னா கிளையைத்தான் வெட்டியிருக்கேன், வேர் உள்ள இருக்குன்னு அர்த்தம்."

தானாக வந்ததை அவனும் பார்த்திருந்தான். கூந்தலை விட்டான். அக்கா ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் பெயர் கேட்டு நிறுத்தினாள். எதை நிறுத்தியதும் படம் வராமல் இருக்கிறது, எது எழுந்ததும் வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனவள், ஒன்றைக் கழுத்தோடு பிடித்தாள். இலவசமாக இறக்கிய புரோகிராம் அது. கணினியில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒளிந்திருந்து பார்த்து இன்னொருவருக்குச் சொல்வது அதன் தொழில். இனாமாக வந்த அந்த வேவுகாரன், வரும்போதே தன் இடுப்பில் இந்த ஆபாச விளம்பரக் கும்பலைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். எத்தனை முறை துரத்தினாலும் கதவைத் திறந்து மறுபடி உள்ளே விட்டதும் அவன்தான்.

அதை நீக்கச் சொன்னாள். சின்னப் பெட்டி ஒன்று திறந்து பாஸ்வேர்டு கேட்டது.

இங்கேதான் அக்கா தப்புச் செய்தாள். சும்மா இருந்திருந்தால் வேறு வழியில் உள்ளே போய்ச் சத்தமில்லாமல் அதைத் தீர்த்திருக்கலாம். ஆனால் யார் போட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. போட்டவன் வாயாலேயே வரட்டும் என்று ஆசைப்பட்டாள்.

"சார், இது வேவு பாக்குற புரோகிராம். இதுலேர்ந்துதான் படம் வருது. போட்டவங்களுக்குத்தான் பாஸ்வேர்டு தெரியும். யார் போட்டது?"

அவன் முகம் வெளுத்து, அப்புறம் சிவந்து, அப்புறம் மனைவி பக்கம் திரும்பியது.

"இவதான் போட்டிருப்பா. சொல்லுடி, என்ன பாஸ்வேர்டு?"

"எனக்குத் தெரியாதுங்க. இது என்னன்னே தெரியாது."

"சொல்லு!"

குச்சி கட்டிய கையை முந்தானையிலிருந்து உருவி, முதுகுக்குப் பின்னால் முறுக்கி மேலே ஏற்றினான். தனக்குத் தெரிந்த பாஸ்வேர்டை, தெரியாதவளிடம், எலும்பு முறிகிற அளவுக்கு முறுக்கிக் கேட்டான். அவள் கத்தவில்லை. அவள் தொண்டையிலிருந்து வந்த ஒலியை அக்கா அதற்கு முன் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை.

பதறிப்போன அக்கா திரும்பி, கைக்கு வந்த ஏதோ ஒரு தளத்தைத் திறந்தாள். கேமராக்காரனின் சட்டைப்பையில் குருவி ஒன்று கத்தியது. இன்னொன்றைத் திறந்தாள். இன்னொரு குருவி. மூன்றாவது.

அவன் கை தளர்ந்தது.

"பையில என்ன சார் குருவி வளக்குறீங்க?" என்றாள் அக்கா. "நான் இங்க ஒரு பக்கம் திறந்தா அங்க கத்துது. போனை எடுங்க. நான் இப்ப எதைத் திறந்தேனோ அது படமா அதுல இருக்கும். அம்மா, நீயே பாரு. வேவுகாரன் யாருக்குச் சேதி சொல்றானோ, அவருதான் வீட்டுக்குள்ள விட்டவரு."

அவள் போனைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்கவா போட்டீங்க?"

"பொண்டாட்டியப் பாக்காம பக்கத்து வீட்டுக்காரியவா பாப்பேன்?"

"அதுலேர்ந்து வந்த படத்துக்குத்தானே என் விரலை ஒடிச்சீங்க?"

உண்மை உறைத்துவிட்டது, தப்பில்லாமல் உறைத்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. அக்கா ஒரு கணம், முட்டாள்தனமாக, வேலை முடிந்தது என்றுகூட நினைத்தாள்.

"சரி. படம் அதுலேர்ந்து வந்துச்சு" என்றான். "அதனால நீ யோக்கியம்னு ஆயிடுமா? வெளி ஆளைக் கூட்டி வெச்சு என் மானத்தை வாங்குறியா? ஏய் அம்மா, நீ பையைத் தூக்கிட்டுக் கிளம்பு. நீ உள்ள வாடி."

"அவ என்னைக் கூப்பிடல சார், நீங்கதான் கூப்பிட்டீங்க. ஆதாரம் கேட்டீங்க, குடுத்துட்டேன். நான் போகல."

குத்து எப்போது வந்தது என்று அக்கா பார்க்கவில்லை. உதடு கிழிந்து பல்லில் இரும்புச் சுவை தட்டியது. மேசையைப் பிடித்து விழாமல் நின்றாள். அவன் பீரோவுக்குப் போனான்.

"ஆதாரமா? முதல்ல இந்தச் சனியனை உடைக்கிறேன். அப்புறம் அந்தக் கையை. ரெண்டும் இருந்தாத்தானே ஆதாரம்."

பீரோவின் அடித்தட்டில் சுத்தியல் இருந்தது. ஒரு கதவைத் திறந்து, குனிந்து, கையை நுழைத்தான். அவன் மனைவி நடந்து வந்தாள். ஓடவில்லை. நடந்துதான் வந்தாள் என்று அக்கா பிறகு பல பேரிடம் சொன்னாள். வந்து, திறந்திருந்த இரும்புக் கதவின் மேல் தன் தோளைச் சாய்த்து, உடம்பின் மொத்தக் கனத்தையும் கொடுத்தாள்.

காய்ந்த விறகை முழங்காலில் வைத்து உடைப்பது போல ஒரு சத்தம். அப்புறம் அவன் அலறல். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் ஓடி வரும் ஓசை கேட்டது. அவள் கதவின் மேல் சாய்ந்தபடியே இருந்தாள். "விடுடி, விடுடி, சாமி, விடும்மா" என்று அவன் படிப்படியாக மரியாதைக்கு இறங்கி வந்தான். அக்காதான் போய் அவள் தோளைத் தொட்டாள்.

"போதும்மா. வா."

அவனைக் கீழ்வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இவர்கள் இருவரும் கணினியின் பெட்டியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனார்கள். ரத்தம் வடியும் உதட்டோடு அக்கா நுழைந்ததைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யார் மண்டை இந்தத் தடவை?"

"நான் தொடவே இல்ல சார். பக்கத்துலயே கீபோர்டு இருந்துச்சு, அப்பகூடத் தொடல."

"அப்ப யாரு?"

"நான்" என்றாள் மற்றவள். கட்டுப்போட்ட விரலை மேசை மேல் வைத்தாள். "எங்கிருந்து ஆரம்பிக்கணும் சார்? இந்த விரல்லேர்ந்தா, கல்யாணத்துலேர்ந்தா?"

அவர் அவள் விரலையும், முழங்கைக்கு மேல் நீலமாகப் படர்ந்திருந்த பழைய தடங்களையும் பார்த்தார். வாங்கி எழுதினார். இரண்டு பக்கமும் வழக்கு வரும், உன் மேலும் வரும், தயாராக இரு என்று ஒளிக்காமல் சொன்னார். அவள் தலையாட்டினாள். பெட்டியில் இருப்பதை நகலெடுத்துக் கொண்டுவரச் சொல்லி இருவரையும் அனுப்பினார்.

அக்காவின் அறை ஒற்றை அறை. கட்டிலில் பாதி இடத்தை எலும்புக்கூடான கணினிகள் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றை ஒதுக்கி அவளை உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெட்டியைத் தன் திரையில் செருகினாள். பாஸ்வேர்டு கேட்கும் வாசலை விட்டுவிட்டு, ஓட்டைப் பிரித்து இறங்குகிற மாதிரி, வேவுகாரன் கண் விழிக்காத விதத்தில் கணினியைத் திறந்தாள். காவலர்களுக்குக் கொடுக்க ஒரு நகல் எடுத்தபின், அவனை வேரோடும் வேரடி மண்ணோடும் கொன்று போட்டாள். அவன் இடுப்பில் தொங்கிய விளம்பரக் கும்பலை ஒவ்வொன்றாக நெரித்தாள். கிழிந்த உதட்டைக் கடித்துக்கொண்டு செய்ததால் வலித்தது. வலித்ததால் இன்னும் உற்சாகமாகச் செய்தாள்.

கணினி மறுபடி எழுந்தது. பிரௌசரைத் திறக்கப் போனபோது, கட்டிலில் இருந்தவள் கண்ணை மூடி, வலது கையை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டாள்.

"கண்ணைத் தொற."

"வந்துருச்சாக்கா?"

"ஒண்ணும் வரல. பாரு."

வெள்ளைப் பக்கம். நடுவில் தேடும் கட்டம் மட்டும்.

"அணைச்சுப் போடுங்கக்கா. அங்கயும் முதல்ல சுத்தமாத்தான் வந்துச்சு."

அக்கா அணைத்துப் போட்டாள். மறுபடி வெள்ளை.

"இப்ப நம்புறியா?"

"நம்புறேன். ஆனா மூடாதீங்க. கொஞ்ச நேரம் பாக்கறேன்."

அக்கா பஞ்சை நனைத்து உதட்டைத் துடைக்கப் போனாள். திரும்பி வந்தபோதும் அவள் அந்த வெற்றுப் பக்கத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் அக்குளிலிருந்து வெளியே வந்து, மடியில் கிடந்தது.