கண்ணீர் அஞ்சலிக்கு நான்கு வரி

ஒரத்தநாட்டில் நௌஷாத் நடத்தும் அச்சுக்கடையில் மலர்க்கொடிதான் கணினி வேலை பார்க்கிறாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ் எல்லாம் செய்வாள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அவளைத் தெரிய வைத்தவை கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகள். இறந்தவரின் படத்துக்குக் கீழே வரும் நான்கு வரிக் கவிதையை அவளே எழுதுவாள். மற்ற கடைகளில் எந்தச் சாவுக்கும் 'இமயம் சாய்ந்தது'தான். இவள் வந்தவர்களை உட்கார வைத்து, "அவங்களுக்கு என்ன பிடிக்கும்? யாரோட சிரிச்சுப் பேசுவாங்க?" என்று கேட்பாள். கிடைத்ததில் உண்மை எதுவோ, அதை எழுதுவாள். செத்தவரைப் பற்றிப் பொய் எழுதுவதில்லை என்பது அவள் தனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

ஒரு கார்த்திகைக் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தமிழ்மாறன், சென்னையில் வேலை. இறந்தது அவருடைய அப்பா. இன்னொருவர் பங்காளி முறை. தமிழ்மாறன் கைப்பேசியில் படத்தைக் காட்டியதும் மலர்க்கொடிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. சாமிதுரை. அவள் பிறந்த ஊர்ப் பண்ணைக்காரர்.

"ஏழைகளுக்கு வழிகாட்டிய வள்ளல்னு ஆரம்பிம்மா. மீதிய நீயே போட்டுக்க" என்றார் பங்காளி.

அவள் சிறுமியாக இருந்தபோது ஐப்பசி மழையில் அம்மா இறந்தாள். சுடுகாட்டுக்குப் போக சாமிதுரையின் வரப்பு ஒன்றுதான் வழி. வரப்பில் கால் வைக்கக் கூடாது என்று அவர் ஆள் அனுப்பினார். பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மார்பளவு வாய்க்கால் தண்ணீரில் இறங்கினார்கள். அவள் கரையில் நின்று பார்த்தாள். இன்றும் அவள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு அந்த வாய்க்கால்தான் வழி.

கை விசைப்பலகையில் இருந்தது, எழுத்து வரவில்லை. எழுந்து நௌஷாத்திடம் போனாள்.

"பாய், இத மட்டும் வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க."

"ஏன் மலரு, உடம்பு சரியில்லையா?"

"இல்ல பாய். அந்த வரிய என்னால எழுத முடியாது."

அவர் கண்ணாடித் தடுப்பு வழியே எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பெரிய குடும்பம். நாளைக்கு நாலு பேரோட வந்து சத்தம் போட்டா நான் என்ன பதில் சொல்றது? பாத்துச் செய்யி" என்றார்.

அவளுக்கும் அந்தப் பயம்தான். அப்பா காத்தான் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். ஆடுகளுக்குப் புல் அறுப்பது இந்தக் குடும்பத்தின் வரப்புகளில். அதைவிட இன்னொன்று அவளை அரித்தது. நான் பொய்க்குப் பயந்து எழுதாமல் இருக்கிறேனா, இல்லை, பழி தீர்க்கிறேனா? வேறு யார் செத்திருந்தாலும் கேட்டிருப்பேனே, இவருக்கு ஏன் கேட்கவில்லை?

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"சார், அந்த வரி வேண்டாம். நீங்க கண்ணால பாத்தது எதாவது சொல்லுங்க. அத எழுதறேன்."

"வேண்டாம்னு சொல்ல நீ யாரும்மா?" என்று பங்காளி சீறினார்.

தமிழ்மாறன் அவர் கையைப் பிடித்து அடக்கினார். கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மா வாதம் வந்து ஆறு வருஷம் படுக்கையில கெடந்தாங்க. தெனம் காலைல அப்பாதான் அவங்களுக்குத் தல வாரி விடுவாரு. வேற யாரையும் தொட விடமாட்டாரு."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. அந்த மனிதனின் கையில் சீப்பை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் சொன்னவரின் கண்ணில் பொய் இல்லை. எழுதினாள்:

*படுக்கையில் கிடந்த துணைக்கு*
*விடியல்தோறும் கூந்தல் வாரினாய்.*
*சிக்கெடுக்கத் தெரிந்த அந்தக் கையை*
*இன்று தேடுகிறோம், அப்பா.*

"ஆம்பள தல வாரினத ஊரெல்லாம் ஒட்டுறதா?" என்றார் பங்காளி.

தமிழ்மாறன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதையே அடிங்க" என்றார்.

பங்காளி விடவில்லை. மதியமே வேறு கடையில் 'வழிகாட்டிய வள்ளல்' என்று ஆளுயர ஃபிளெக்ஸ் அடித்துக் கடைத்தெரு முனையில் கட்டிவிட்டார். வீட்டுக்குப் போகும்போது அதைப் பார்த்து மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து கடை வாசலில் பைக் நின்றாலே எழுந்து எட்டிப் பார்த்தாள். அப்பாவுக்கு போன் போட்டு, "புல்லறுக்கப் போனீங்களா? யாரும் ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து தமிழ்மாறன் தனியாக வந்தார். அந்த நான்கு வரியை மட்டும் தங்கைக்குச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். வரிகளை அச்சடித்துத் தாளைக் கொடுத்தபோது, "உங்களுக்கு எந்த ஊரு?" என்றார்.

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாள் பயந்தாள். சொன்னாள். தெருவையும் சொன்னாள்.

அவர் முகம் மாறியது. "அந்த வாய்க்கால்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

"ஆமாங்க. எங்கம்மாவ அதுலதான் தூக்கிட்டுப் போனாங்க."

அவர் தாளை மெல்லச் சுருட்டினார். பிறகு வெளியே போனார். சொன்னதற்காக மலர்க்கொடி வருத்தப்படவில்லை.