உவரிக்குப் பதினோரு பெட்டி மண்

கல்யாணமான நாள்ல இருந்து கோயில் வாசல்ல எனக்கு ஒரே வேலைதான், செருப்புக்குக் காவல். பொண்டாட்டி உள்ள போயி எல்லாச் சாமியையும் குறைவில்லாம கும்பிட்டுட்டு வருவா. நான் வெளிய நின்னு டீ குடிச்சிக்கிட்டு, உள்ள போறவங்களை மனசுக்குள்ள கிண்டல் பண்ணிக்கிட்டு இருப்பேன். பள்ளிக்கூடத்துல அறிவியல் வாத்தியார் வேற, அந்தத் திமிரு கொஞ்சம் உண்டு. அவ ஒருநாளும் என்னை உள்ள வாங்கன்னு இழுத்தது கிடையாது. திருநீறை மட்டும் மடிச்சுக் கொண்டாந்து என் சட்டைப் பையில போட்டுருவா. துவைக்கப் போடும்போது அவளே அதை உதறவும் செய்வா.

போன வருசம் அவளுக்குக் கழுத்துல ஒரு கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியும்னுட்டார் பாளையங்கோட்டை டாக்டர். ஆபரேஷன் அன்னைக்குக் காலையில அவளை உள்ள கொண்டுபோனாங்க. ரெண்டு மணி நேரம்னு சொன்னது மூணு தாண்டிட்டு. கூட வந்த மச்சினன் நெல்லையப்பர் கோயிலுக்கு அர்ச்சனை பண்ணப் போயிட்டான். நான் ஒத்தையில நாற்காலியில இருக்கேன். அவ வளையலும் தாலிச் சங்கிலியும் ஒரு காகிதப் பொட்டலத்துல என் கையில இருக்கு. சும்மா இருக்கவும் முடியல, செய்யவும் ஒண்ணும் இல்ல. அவ இல்லாத வீட்டை நினைச்சுப் பாத்து நல்லா பயந்துட்டேன். அந்தப் பயத்துல வாய் தானா சொல்லிட்டு: "அவளை நல்லபடியா வீட்டுக்கு அனுப்பிரு, உவரிக்கு வாரேன்." உவரி எப்படி வாயில வந்துதுன்னு தெரியல. அவளுக்கு அந்த ஊர்க் கடல் ரொம்பப் பிடிக்கும், அதனாலயா இருக்கும்.

பத்து நாள் கழிச்சு முடிவு வந்துது. கெட்ட கட்டி இல்ல. அன்னைக்கு மத்தியானம் ரசத்தை ஊத்திக்கிட்டே நான் நேந்துக்கிட்ட விசயத்தைச் சொன்னேன்.

"நீங்களா? யாருக்கு நேந்தீங்க?"

"உவரிக்கு."

"உவரியில யாருக்குங்க? லிங்கச் சாமிக்கா, வேதக் கோயிலுக்கா?"

நான் முழிச்சேன். சிவன் கோயிலும் அங்கனதான் இருக்கு, சர்ச்சும் அங்கனதான் இருக்கு. நான் ஊர்ப் பேரோட நிறுத்திட்டேன்.

"சரி, என்ன செய்யுதேன்னு நேந்தீங்க?"

"வாரேன்னு மட்டும்தான் சொன்னேன்."

தையல் போட்ட கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்சா. "நேர்ச்சைன்னா ஆளையும் சொல்லணும், காரியத்தையும் சொல்லணும். நீங்க சம்பந்தி வீட்டுக்குச் சொல்லுத மாதிரி வாரேன்னுட்டு வந்திருக்கீங்க." அப்புறம் அவளே தீர்ப்பும் சொன்னா. ரெண்டு இடத்துக்கும் போயிரணும். வேதக் கோயில்ல மெழுகுதிரி, லிங்கச் சாமிக்கு மண் சுமக்கணும். நாப்பத்தொரு பெட்டி சுமக்கிறவங்க உண்டு, உங்க முட்டி தாங்காது, பதினொண்ணு போதும்னா.

உவரிக்குப் போயி, வேதக் கோயில்ல மெழுகுதிரியை ஏத்திட்டு லிங்கச் சாமி கோயிலுக்கு வந்தோம். கடல்ல இறங்கி ஓலைப் பெட்டியில மண்ணை அள்ளி, தலையில வச்சுக் கொண்டாந்து கரையில கொட்டணும். அவ கனம் தூக்கக் கூடாது. அதனால செருப்புக்குக் காவல் அவ. நல்லா கால் நீட்டி உக்காந்துக்கிட்டா. முதல் பெட்டியிலயே தண்ணி வடிஞ்சு கண்ணெல்லாம் உப்பு. வலை காயப் போட்டுக்கிட்டு இருந்த ஒருத்தர், "அண்ணாச்சி, தண்ணி வடியட்டும், பையப் பைய தூக்குங்க" ன்னார். நாலாவதுல பழகிட்டு. ஆஸ்பத்திரியில ஒண்ணும் செய்ய முடியாமக் கிடந்த கைக்கு இங்க வேலை கிடைச்சிட்டு, அவ்வளவுதான். சாமி உண்டான்னு கேட்டா இப்பவும் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். ஆனா மனசு லேசாத்தான் இருந்துது.

பதினொண்ணையும் முடிச்சிட்டு அவ பக்கத்துல வந்து உக்காந்தேன். ஆபரேஷன் அன்னைக்கு உள்ள போகும்போது நீ என்ன வேண்டிக்கிட்டேன்னு கேட்டேன்.

"எனக்குன்னு ஒண்ணும் கேக்கல" ன்னா. "எனக்குத்தான் எல்லாச் சாமியும் இருக்கே. இந்த மனுசனுக்கு யாரு இருக்கா, வெளிய ஒத்தையில கிடந்து என்ன பாடு படுதாரோ, யாராவது அவர்கூடப் போயி இருங்கன்னு சொல்லிட்டுப் போனேன்."

எந்திரிச்சுப் பெட்டியைக் கையில எடுத்தேன்.

"பதினொண்ணு ஆயிட்டே, எங்க போறீங்க?"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" ன்னுட்டுக் கடல்ல இறங்கினேன். பன்னிரண்டாவது பெட்டியைக் கொட்டிட்டு வந்தப்போ, அது யாருக்குன்னு அவ கேக்கல.